நடப்பட்ட மனிதர்: அயர்லாந்தும் கண்டிச் சீமையும்

ஆங்கிலத்தில் ‘பிளாண்டேஷன்’ என்றொரு சொல் உண்டு. தேயிலை, காப்பி, ரப்பர் முதலியவற்றைப் பெருமளவில் பயிரிடும் நிலத்தை அது குறிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. தமிழில் அதனைத் தோட்டம் என்கிறோம். ஆயின் அச்சொல்லுக்கு அதனினும் பழைய பொருள் ஒன்று உண்டு. ஒரு நாட்டு மக்களைக் கொண்டுபோய் மற்றொரு நாட்டு மண்ணில் ஊன்றி வைப்பதே அப்பொருள். செடியை நடுவதற்கு முன்னரே ஆங்கில அரசினர் மனிதரை நட்டுப் பழகியிருந்தனர். அவர்கள் அவ்வாறு நட்ட நிலம் அயர்லாந்து.

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் பல்லாண்டுகளாக இருந்துவரும் நாம், ஒருமுறை இச்சொல்லில் இடறி விழுந்தோம். மைசூரு நகரின் வடமேற்கே, ஏரியும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த ஹெப்பாளில் உள்ளது நம் இல்லம். அங்கே ஓரிரவு ஐரோப்பிய வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ‘1609ஆம் ஆண்டின் அல்ஸ்டர் தோட்டங்கள்’ என்று எழுதிவிட்டோம். மறுநாட் காலை படித்துப் பார்க்கையில், அத்தோட்டங்களில் என்ன பயிரிட்டார்கள் என்னும் ஐயம் எழுந்தது. விடை தேடியபோதுதான், அங்கே பயிரிடப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது விளங்கிற்று. ‘தோட்டங்கள்’ என்பதை அடித்துக் ‘குடியேற்றம்’ என்று திருத்தினோம். எனினும் அப்பிழை நம் நினைவை விட்டு அகலவில்லை. அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பொருந்திய நிலம் ஒன்று நமக்கு அண்மையிலேயே இருப்பதுதான் அதற்குக் காரணம். அது இலங்கையின் மலைநாடு. நம் முன்னோர் ‘கண்டிச் சீமை’ என்று வழங்கிய நாடு. அங்கே செடிகளும் நடப்பட்டன; மனிதரும் நடப்பட்டனர்; அம்மனிதர் தமிழர். அயர்லாந்தின் கதையை முன்வைத்துப் பார்த்தால் கண்டிச் சீமையின் கதை தெளிவாகும். ஆதலின் இரண்டையும் அடுத்தடுத்து நோக்குவோம்.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1916இல் அன்னி பெசண்ட் அம்மையார் தொடங்கிய இயக்கத்தின் ‘ஹோம் ரூல்’ என்னும் பெயர் ஐரிஷ் மக்களின் போராட்டத்திலிருந்து வந்தது. டி வலராவின் பெயரை நம் விடுதலைப் போராட்ட காலத்தில் அறியாதார் சிலரே. பாரதியார் தம் குருவாகப் போற்றிய நிவேதிதை அம்மையார் 1867இல் பிறந்த டங்கானன் என்னும் ஊர் அல்ஸ்டர் மாகாணத்தின் டைரோன் மாவட்டத்தில் உள்ளது. ஆங்கில அரசினர் புதுக்குடிகளை நட்ட மாவட்டங்களுள் டைரோனும் ஒன்று.

ஆங்கிலேயர் வலுப்பெறுவதற்கு முன், அயர்லாந்தின் பழைய வழக்கப்படி நிலம் குலத்தினருக்கு உரியது. தலைவன் அதற்குக் காவலன், தனியுரிமையாளன் அல்லன். 1541இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அயர்லாந்துக்கும் அரசராக அறிவிக்கப்பட்டார். அதன்பின் குலத்தலைவர்கள் தம் நிலத்தை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு, மன்னர் அளித்த பட்டயத்தின் மூலம் அதே நிலத்தைத் திரும்பப் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. மேலோட்டமாகப் பார்ப்பின் இதில் எவர்க்கும் நட்டமில்லை. கொடுத்ததே திரும்பி வந்துவிட்டது. ஆனால் இடையில் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. குலத்தின் பொதுநிலம் தலைவன் ஒருவனின் தனிச்சொத்தாக எழுதப்பட்டுவிட்டது. இனி அத்தலைவன் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தால், ‘இராஜத்துரோகியின் சொத்து’ என்று முழு நிலத்தையும் பறிமுதல் செய்யலாம். அதில் உழுது வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடிகள் எக்குற்றமும் செய்யாதிருப்பினும், அவர்களது உரிமை எந்தப் பத்திரத்திலும் இல்லை.

அவ்வாறே நடந்தது. டெஸ்மண்ட் பிரபுவின் கிளர்ச்சி 1583இல் அடங்கியதும், தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் பெருநிலப்பரப்பு பறிமுதலாயிற்று. கவிஞர் ஸ்பென்ஸரும், கடலோடியாகப் புகழ்பெற்ற வால்டர் ராலேயும் அங்கே நிலம் பெற்றவர்களுள் அடங்குவர். 1607இல் வடக்கே அல்ஸ்டரின் பெருந்தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் துரோகிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஆறு மாவட்டங்கள் மன்னரின் கைக்கு மாறின. 1609 முதல் அங்கே முறையான குடியேற்றம் தொடங்கியது. ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தியருமான பெருங்குத்தகையாளர், ஆயிரம் ஏக்கருக்கு 24 ஆடவர் என்னும் கணக்கில், தம் நாட்டிலிருந்து சீர்திருத்தச் சமயத்தினரைக் கொணர்ந்து குடியமர்த்த வேண்டும். பழைய ஐரிஷ் குடிகளைத் தம் நிலத்தில் வைத்துக்கொள்ளலாகாது என்பது விதி. இலண்டன் வணிகக் குழுக்களும் இதிற் பங்குகொண்டன. டெர்ரி என்னும் பழம்பதி ‘லண்டன்டெர்ரி’ என்று பெயர் மாறியது அதனால்தான்.

விதி அவ்வாறிருக்க, நடைமுறை வேறாயிற்று. வந்து குடியேறியவர் போதவில்லை. ஆதலின் பழைய குடிகளையே அதிகக் குத்தகைக்கு வைத்துக்கொண்டனர். நேற்றுவரை தன் குலத்துக்கு உரியதாயிருந்த வயலில், இன்று வேற்றான் ஒருவனுக்குக் குத்தகை அளந்து உழுதான் ஐரிஷ் குடியானவன். அவன் வரப்புக்கு அப்பால், ஸ்காத்லாந்திலிருந்து வந்த மற்றோர் ஏழை உழுதான். இவ்விருவரும் நாள்தோறும் முகம் பார்த்துக்கொண்டனர். நிலத்தை வாங்கிக் கொடுத்த மன்னரும் வணிகரும் இலண்டனில் இருந்தனர். 1641இல் கிளர்ச்சி வெடித்தபோது, உயிரிழந்த குடியேறிகள் பல ஆயிரவர். அவர்களுட் பலர் அந்த வரப்பின் மறுபக்கத்தில் நின்ற எளியவரே.

அதற்குப் பழிவாங்க வந்தவர் கிராம்வெல். 1649 முதல் நடந்த படையெடுப்புக்குப் பின், போர்ச் செலவுக்குக் கடன் கொடுத்த இலண்டன் வணிகருக்கும், சம்பள பாக்கி பெறவேண்டிய போர்வீரருக்கும் அயர்லாந்தின் நிலம் பங்கிட்டளிக்கப்பட்டது. நிலம் இழந்த கத்தோலிக்க உரிமையாளர், ஷானன் ஆற்றுக்கு மேற்கே கற்பாங்கான கானாட் மாகாணத்துக்கு 1654 மே 1ஆம் நாளுக்குள் சென்றுவிடவேண்டும் என்று ஆணையாயிற்று. பங்கீட்டுக்காக வில்லியம் பெட்டி என்பார் 1655, 1656ஆம் ஆண்டுகளில் நாட்டை அளந்து படமிறக்கினார். அளவுச் சங்கிலியும் வரைபடமும் வாளினும் வலியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. கத்தோலிக்கரிடம் 1641இல் நூற்றுக்கு 59 பங்கு நிலம் இருந்தது. 1688இல் அது 22 ஆயிற்று. 1703இல் 14 ஆயிற்று. 1704ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையும், 31 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை பெறுவதையும் தடுத்தது. தந்தையின் நிலம் மக்கள் எல்லோருக்கும் துண்டாடப்படும். மூத்தவன் சமயம் மாறினால் மட்டும் முழுவதும் அவனுக்கே கிட்டும் என்றும் அது விதித்தது.

இவ்வளவின் பயன் யாது? குடியானவனிடம் எஞ்சியது ஒரு துண்டு நிலம். அதிலும் குத்தகைக்கென விளைந்த தானியம் நிலக்கிழாருக்குச் சென்றுவிடும். குடும்பம் உண்பதற்கு உருளைக்கிழங்கு ஒன்றே துணை. சிறு நிலத்தில் மிகுதியாக விளைவது அதுதான். 1845இல் அச்செடியில் கருகல் நோய் பரவியது. 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். அதே ஆண்டுகளில் தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டுதான் இருந்தன. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு அரசின் உதவி கிடையாது என்று 1847இல் சட்டம் வந்தமையால், உணவுக்காக நிலத்தைக் கைவிட்டவர் பலர். அப்பஞ்ச நிவாரணத்தை இலண்டன் கருவூலத்திலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவெலியன். அவரே 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார் என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். பேரரசு ஒன்றே, அதன் அதிகாரிகளும் ஒருவரே, ஓரிடத்துப் பழக்கம் மற்றோரிடத்துக்குச் செல்வதில் வியப்பில்லை.

இனிக் கண்டிச் சீமைக்கு வருவோம். 1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சியை அவர்கள் கடுமையாக அடக்கினர். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் முதலியோர் காப்பி பயிரிடத் தொடங்கினர். காப்பிக்கு மலைச்சாரல் வேண்டும். சாரலிலோ கிராம மக்களின் காடுகளும், மேய்ச்சல் வெளிகளும், சேனை நிலங்களும் இருந்தன. சேனை என்பது, காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து ஓரிரு பருவம் தினை, குரக்கன் முதலியன விளைத்தபின், பல ஆண்டுகள் தரிசாக விட்டுவைக்கும் பழைய முறையாகும். தரிசாகக் கிடப்பினும் அது இன்ன ஊரின் சேனை என்பதை அவ்வூரார் அறிவர். நம் ஊர்களில் மேய்ச்சற் புறம்போக்கு எவர் பெயரிலும் இல்லாவிடினும் எல்லோருக்கும் பயன்படுவதுபோல, அந்நிலமும் பயன்பட்டு வந்தது.

1840இல் 12ஆம் எண் சட்டம் வந்தது. காடாகவும், தரிசாகவும், குடியிருப்பில்லாமலும், பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும் வரையில் முடியரசுக்கே உரியதெனக் கொள்ளப்படும் என்று அது கூறியது. கண்டி மாகாணங்களில் சேனை நிலமும் அவ்வாறே. உரிமை கோருபவன் பழைய மன்னரின் சன்னஸ் பட்டயத்தையோ, வழக்கமான வரி செலுத்தியதையோ காட்டவேண்டும். நேயர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஹெப்பாளில் நம் தெருவில் மனை வைத்திருப்போர் எவரும், பேச்சு வந்தவுடன் பெட்டியைத் திறந்து காத்தாப் பத்திரத்தைக் காட்டுவர். தமிழ்நாட்டில் அதற்குப் பட்டா. பத்திரம் இல்லாதவனுக்கு நிலம் இல்லை என்பது இன்று நமக்குப் பழகிப்போன நியாயம். அந்த நியாயத்தை, பத்திரமே வழக்கில் இல்லாத மலைக்கிராமத்தின்மேல் ஒரே நாளில் சுமத்தினால், அங்கே உரிமையாளர் எத்தனைபேர் மிஞ்சுவர்? அயர்லாந்தில் தலைவனின் குற்றம் குடிகளின் நிலத்தைக் கொண்டுபோயிற்று. கண்டியில் ஓர் ஓலைத்துண்டு இல்லாமை அதே காரியத்தைச் செய்தது.

அரசுடைமையான நிலம் 1844 வரை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தனர். 1897இல் தரிசு நிலச் சட்டம் ஒன்று வந்து இம்முறையை மேலும் இறுக்கிற்று. உயர்ந்த மலைமுகடுகளில் தோட்டமாகிய காடுகள் பல, எக்கிராமமும் பயிரிடாதவை என்று வாதிடுவோரும் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் தோட்டங்கள் கீழிறங்கிக் கிராமங்களைச் சூழ்ந்தபின், மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும், பெருகும் மக்களுக்கு வயல் திருத்தவும் இடமில்லாது போனது மறுக்கவொண்ணாதது. சுதந்திரத்துக்குப் பின் கண்டிக் குடியானவர் நிலையை ஆராய ஒரு குழுவே அமைத்து, 1951இல் அதன் அறிக்கையைப் பெறவேண்டிய நிலை இலங்கை அரசுக்கு ஏற்பட்டது.

இடையில் 1848ஆம் ஆண்டைக் குறிப்பிடாமற் செல்லலாகாது. துப்பாக்கி, நாய், கடை, சாலை ஆகியவற்றின்மேல் புதுவரிகள் விதிக்கப்பட்டதால் மாத்தளையில் அவ்வாண்டு ஜூலையில் கிளர்ச்சி எழுந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஜூலையில்தான் பஞ்சத்தால் நலிந்த அயர்லாந்திலும் ஒரு கிளர்ச்சி எழுந்து அடங்கியது. அப்போது இலங்கையில் அரசின் தலைமைச் செயலாளராயிருந்து வரித்திட்டங்களை வகுத்த எமர்சன் டென்னண்ட், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தவர். அவ்வரிகளைக் கண்டித்துக் கொழும்புப் பத்திரிகையில் எழுதிய மருத்துவர் கிறிஸ்டோபர் எலியட்டும் ஐரிஷ்காரரே. ஒரு நாட்டிற் பிறந்தவரெல்லாம் ஒரே பக்கம் நிற்பர் என்று நாம் கருதலாகாது.

நிலம் கிடைத்துவிட்டது, உழைப்பாளர் வேண்டும். கண்டிக் குடியானவனுக்குத் தன் வயலே போதிய வேலை தந்தது. கூலிக்கு மலையேற அவன் விரும்பவில்லை. ஆகவே தோட்டத்துரைமார் பாக்கு நீரிணைக்கு இப்பால் நோக்கினர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளில் மழை பொய்த்த ஊர்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே புறப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சாதியால் தாழ்த்தப்பட்டு, சொந்த ஊரிலேயே ஒரு குழி நிலமும் இல்லாதவர். மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட வறண்ட காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும், காய்ச்சலுக்கும், பசிக்கும் வழியில் இரையானோர் பலர்.

போய்ச் சேர்ந்தவர்க்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழகிய அளவு. வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டின், அக்கடனைத் தீர்த்ததாகவோ, ஏற்பதாகவோ குறிக்கும் ‘துண்டு’ வேண்டும். அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. நிலத்தை இழந்தவனிடம் பத்திரம் இல்லை. நிலத்தில் நடப்பட்டவனிடம் இருந்த ஒரே பத்திரம் கடன்துண்டு. இதுவே கண்டிச் சீமையின் சுருக்கமான வரலாறு எனலாம்.

அயர்லாந்தின் உருளைக்கிழங்கைப் போலவே இங்கும் ஒரே பயிரின்மேல் எல்லாம் நின்றன. 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபதாண்டுகளுக்குள் காப்பித் தொழில் அழிந்தது. 1867இல் லூல்கந்துர என்னுமிடத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்தியர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தை நிரப்பிற்று. காப்பி பருவ வேலை. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆதலின் வந்து வந்து திரும்பிய மக்கள் குடும்பத்தோடு தங்கினர். பிள்ளைகள் லயத்திலே பிறந்து, பெரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, தேயிலைத் தூரிலே அடங்கினர். துரைமார் தோட்டங்களுக்கு டன்சினேன், ஹோலிரூட் எனத் தம் நாட்டுப் பெயர்களை இட்டனர். உழைத்தவரோ தம் நாவுக்கு இசைந்த தமிழ்ப் பெயர்களை வழங்கிக்கொண்டனர். பெயரளவில் மட்டுமே அம்மண் அவர்களுடையதாயிற்று.

இங்கேதான் இரு நாட்டு வரலாறும் ஒன்றுபடுவதும் வேறுபடுவதும் விளங்குகின்றன. நிலம் இழந்தவனின் கோபம், அதனைச் சட்டத்தால் எடுத்துக்கொண்டவன்மேற் பாய்வதில்லை. அவன் தொலைவில் இருக்கிறான். அண்மையில் தெரிபவன் நடப்பட்டவன். அல்ஸ்டரில் அவன் வேற்றுச் சமயத்தான். கண்டியில் அவன் வேற்று மொழியான். இது ஒற்றுமை. ஆனால் அல்ஸ்டரில் நடப்பட்டவனுக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது. ஆளும் இனத்தவன் என்னும் செல்வாக்கும் கிடைத்தது. மலைநாட்டுத் தமிழனுக்கு இரண்டும் இல்லை. அவன் தோட்டத்தின் செடியைப்போல அதன் கணக்கில் எழுதப்பட்டவன். ஆயினும் சிங்களக் குடியானவனின் பார்வைக்கு அவன், தன் மலையைப் பிடித்துக்கொண்ட அந்நியனாகவே தோன்றினான். ஒரே சட்டத்தால் வஞ்சிக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் பகைவரெனக் கண்டனர்.

அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. தந்தை பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் சான்று காட்டுக என்று சட்டம் கேட்டது. 1840இல் சிங்களக் குடியானவனிடம் கேட்ட அதே கேள்வி, ‘எங்கே உன் பத்திரம்?’ என்னும் கேள்வி, இப்போது தமிழ்த் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்கள் மனிதர்கள். அவர்களுள் எவரையும் கேட்டுச் செய்த ஏற்பாடன்று அது.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறி இந்தியா வந்தனர். நாம் குடியிருக்கும் மைசூருவிலிருந்து தெற்கே குண்டலுப்பேட்டை வழியாகச் சென்றால் கூடலூரை அடையலாம். அங்கும் நீலகிரியின் பிற பகுதிகளிலும், 1968இல் தொடங்கிய தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுட் பலர் வேலை பெற்றனர். மேற்கே குடகு மலையைக் கடந்தால் சுள்ளியா, புத்தூர் வட்டங்களின் அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் குடும்பங்களைக் காணலாம். கண்டியில் தேயிலை கிள்ளிய கைகளின் மக்கள் இங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகின்றனர். கன்னட நாட்டின் நடுவே அவர்கள் வீட்டில் ஒலிப்பது மலைநாட்டுத் தமிழ். ஒரு மண்ணிலிருந்து பிடுங்கி மற்றொரு மண்ணில் நடப்படுவது அவர்கள் குடும்பங்களுக்கு இரண்டாம் முறை.

அயர்லாந்து இந்நோய்க்கு எவ்வாறு மருந்து கண்டது? 1879இல் மைக்கேல் டேவிட் முதலியோர் நிலச் சங்கத்தை நிறுவினர். பார்னெல் அதற்குத் தலைவரானார். நியாயமற்ற குத்தகையைச் செலுத்தோம். வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எவனும் ஏற்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. 1880இல் மேயோ மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்னும் நிலமேலாளருக்கு எவரும் வேலை செய்யவில்லை; பண்டம் விற்கவில்லை; அஞ்சல் கொடுக்கவும் மறுத்தனர். நம் நாட்டிலும் பகிஷ்காரத்துக்கு வழங்கும் ‘பாய்காட்’ என்னும் சொல் அவர் பெயரே. 1881ஆம் ஆண்டுச் சட்டம் நியாயக் குத்தகையையும் நிலையான அனுபோகத்தையும் வழங்கிற்று. 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் மேலும் ஓர் அடி சென்றது. அரசு கடன் கொடுத்து, நிலக்கிழாரிடமிருந்து நிலத்தை வாங்கிக் குடியானவனுக்கே உரிமையாக்கும். அவன் ஆண்டுதோறும் தவணையாகச் செலுத்துவான். உழுதவன் உரியவனானான். பின்னர் 1932இல் பதவியேற்ற டி வலரா, எம் முன்னோரிடம் பறித்த நிலத்துக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்கவேண்டும் என்னும் கருத்தால், அத்தவணைப் பணத்தை இலண்டனுக்கு அனுப்ப மறுத்தார். ஆறாண்டு வணிகப் பூசலுக்குப் பின், 1938இல் ஒரு கோடி பவுனுடன் அக்கணக்குத் தீர்ந்தது.

நிலம் திரும்பியதால் புண் முழுவதும் ஆறிவிட்டது என்று கூறவும் இயலாது. குடியேற்றம் வேரூன்றிய வடபகுதி 1921இல் பிரிந்து நின்றது. அங்கே இரு சாராரிடையே மூண்ட வன்முறை 1998ஆம் ஆண்டின் உடன்பாடு வரையில் ஓயவில்லை. ஆயினும் உழும் நிலத்தின் பொருட்டு ஐரிஷ் குடியானவன் இன்று எவருடனும் போரிடவில்லை என்பது சிறிய பேறன்று.

கண்டிச் சீமையிலோ நிலம் வேறு வழியிற் சென்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. சில இடங்களில் கிராம மக்களுக்கு நிலம் பங்கிடப்பட்டது. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் சிலர் வெளியேற்றப்பட்டனர். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. அண்மைக் காலத்தில் இந்திய அரசின் உதவியுடன் மலைநாட்டில் தனி வீடுகள் எழுந்துள்ளன. வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்பது கணக்கு. நம் அளவில் நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. இருநூறு ஆண்டு உழைத்த மக்களுள் பெரும்பாலோர்க்கு அதுவும் இன்னும் எட்டவில்லை. 2023இல் அவர்கள் தம் முன்னோர் நடந்த வழியே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றனர். தாமும் அந்நாட்டின் மக்கள் என்பதை நாடறியச் சொல்லவே அந்த நடை.

இவ்வளவும் அறிந்தபின், நாம் தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். ‘தோட்டக்காட்டான்’ என்று மலைநாட்டு மக்களை இழிவாகப் பேசும் வழக்கம் தமிழரிடையிலும் இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டும். நிலத்தைப் பறித்தவன் வேறு. அதில் நடப்பட்டவன் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால், வரலாறு எளியோர் இருவரின் சண்டையாகவே தோன்றும். சட்டம் எழுதியவனும், அளந்து விற்றவனும், வாங்கி இலாபம் கண்டவனும் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுவர். ஐரிஷ் குடியானவனும், கண்டிச் சிங்களக் குடியானவனும், நம் தோட்டத் தமிழனும் ஒரே பத்திரத்தின் மூன்று பக்கங்களில் எழுதப்பட்டவர்கள்.

மொழிபெயர்ப்பில் இனி அச்சொல் எதிர்ப்பட்டால் நாம் சற்று நின்றே எழுதுவோம். அங்கே நடப்பட்டது செடியா, மனிதரா என்று முதலிற் பார்ப்போம். மனிதரும் நடப்பட்டிருப்பின், அவர்களுக்கு அம்மண்ணில் ஒரு பிடியேனும் உரிமை கிடைத்ததா என்பதையும் சேர்த்தே கேட்போம்.